பழைய பேக்கர்லூ ரயில்: அந்தச் சத்தங்கள் பழுதா, ஜன்னலைத் திறக்கலாமா?

கேள்வி: லண்டன் பாதாள ரயிலின் பேக்கர்லூ பாதையில் வெம்பிளி சென்ட்ரலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸுக்கு வேலைக்குப் போகிறேன். ரயில் கிளம்பும்போது அடியில் டக் டக் என்று அடிக்கிறது. நின்றிருக்கும்போது ஏதோ தடதடக்கிறது. நடுவழியில் விளக்கு வேறு சிமிட்டுகிறது. சுரங்கத்துக்குள் புழுக்கம் தாங்கவில்லை, ஜன்னலைத் திறந்தாலோ காது வலிக்கிறது. இதெல்லாம் ரயில் பழுதாவதன் அறிகுறியா? ஜன்னலை என்ன செய்வது?

பதில்: நீங்கள் போகும் ரயில் 1972 ஸ்டாக் எனப்படும் வகை. லண்டன் பாதாள ரயிலில் இன்று பயணிகளை ஏற்றிச் செல்பவற்றில் இதுதான் மிகப் பழையது. ஆனால் நீங்கள் சொன்ன சத்தங்கள் எல்லாமே அது ஒழுங்காக வேலை செய்யும்போது வரும் சத்தங்கள். அவற்றை நினைத்துப் பயப்பட வேண்டாம். காதையும் உடம்புச் சூட்டையும் பற்றி யோசிப்பதுதான் முக்கியம்.

முதலில் அந்த டக் டக். இதில் இருப்பவை பழைய நேர்மின்னோட்ட (டி.சி.) மோட்டார்கள். நின்ற நிலையில் முழு மின்சாரத்தையும் கொடுத்தால் தாங்காது. அதனால் நடுவில் மின்தடைகளை (மின்சாரத்தைக் குறைத்து விடும் ரெசிஸ்டர்களை) வைத்து, வேகம் கூடக்கூட ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள். காற்றழுத்தத்தில் திரும்பும் ஒரு தண்டு அந்த சுவிட்சுகளைத் தட்டிவிடுகிறது. ஒரு தட்டலுக்கு ஒரு சின்னக் குலுக்கல். புதிய ரயில்களில் இதை மின்னணுக் கருவி செய்வதால் வெறும் ரீங்காரம்தான் கேட்கும்.

நிற்கும்போது தடதடப்பது கம்ப்ரெசர். கதவுக்கும் பிரேக்குக்கும் அழுத்தக் காற்று வேண்டும். அது குறைந்தால் கம்ப்ரெசர் தானே ஓடி, நிரம்பியதும் நின்றுவிடும். அந்த நேரம் மற்ற சத்தம் எதுவும் இல்லாததால் அது பெரிதாகக் கேட்கிறது, அவ்வளவுதான். உஸ் என்ற சத்தமும் இதே காற்றுதான். விளக்கு சிமிட்டுவதற்குக் காரணம் வேறு. மின்சாரம் தரும் தண்டவாளம் சந்திப்புகளில் தொடர்ச்சியாக இல்லாமல் விட்டு விட்டு இருக்கும். அந்த இடைவெளியைக் கடக்கும்போது ஒரு நொடி மின்சாரம் போய் வரும், கூடவே அடியில் கேட்கும் முனகலும் இறங்கி ஏறும்.

சரி, புழுக்கத்துக்கு வருவோம். இந்த ரயிலில் ஏசி கிடையாது. காற்று வருவதே ரயில் ஓடுவதால்தான். சுரங்கத்தின் குறுக்களவு சுமார் மூன்றரை மீட்டர், ரயில் அதைக் கிட்டத்தட்ட அடைத்துக்கொண்டு போகிறது. சைக்கிள் பம்பின் தண்டு மாதிரி முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளி, பின்னால் இருப்பதை இழுக்கிறது. பிளாட்பாரத்தில் ரயில் வருவதற்கு முன்பே முகத்தில் அடிக்கும் காற்று அதுதான். ரயில் நடுவழியில் நின்றால் காற்றும் நின்றுவிடும். மூச்சு முட்டுவது போல இருப்பது வெக்கையாலும் நெரிசலாலும்தான், பிராணவாயு தீர்ந்துபோவதால் அல்ல.

அந்த வெக்கை எங்கிருந்து வந்தது? 1906-ல் இந்தப் பாதை திறந்தபோது சுரங்கத்தைச் சுற்றியுள்ள களிமண் ஏறக்குறைய 14 டிகிரியில் இருந்தது. கோடையில் குளிர்ச்சியாக இருக்கும் இடம் என்று விளம்பரமே செய்தார்கள். அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் ரயில்கள் விட்ட சூட்டை அந்த மண் குடித்துக்கொண்டே இருந்தது. இப்போது முன்புபோல் அதனால் குடிக்க முடிவதில்லை. உங்கள் ரயில் பிரேக் போடும்போது ஓட்டத்தின் ஆற்றல் அடியில் உள்ள மின்தடைகளில் சூடாக மாறி, அப்படியே சுரங்கத்துக்குள் போகிறது. ஏசி வைத்தாலும் பெட்டிக்குள் இருக்கும் சூட்டை வெளியே, அதாவது அதே சுரங்கத்தில்தான் தள்ள வேண்டும். லண்டன் பாதாள ரயிலின் வேறு பாதைகளான மெட்ரோபாலிட்டன், டிஸ்ட்ரிக்ட் ரயில்களில் ஏசி சாத்தியமானதற்கு அந்தச் சுரங்கங்கள் அகலமாகவும் மேலோட்டமாகவும் இருப்பது ஒரு பெரிய காரணம்.

இனி ஜன்னல். பெட்டியின் இரு கோடியிலும் உள்ள கதவுகளின் மேல்பகுதி கீழே இறங்கும். ஒன்றை மட்டும் திறப்பதைவிட இரண்டையும் பாதி திறந்தால் காற்று ஊடுருவிப் போகும். ஆனால் சக்கரங்களும் அந்தக் கோடிகளின் அடியில்தான். காற்று வரும் வழியிலேயே இரைச்சலும் வருகிறது. சுரங்கச் சுவர் அதை வெளியே விடாமல் திருப்பி அடிக்கிறது. அந்தக் காலத்தில் மேலே உள்ள கட்டடங்களுக்கு இழப்பீடு தராமலிருக்கத் தெருக்களின் அடியிலேயே சுரங்கம் போட்டார்கள், அதனால் வளைவு அதிகம். வளைவில் சக்கரம் தண்டவாளத்தை உரசும்போதுதான் அந்தக் கிறீச்சல்.

நான் சொல்வது: ஜன்னல் திறந்திருக்கட்டும், நீங்கள் பெட்டியின் நடுவில் உட்காருங்கள். இந்த ரயிலின் ஏழு பெட்டிகளில் நாலில்தான் மோட்டார் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் இரண்டாவது பெட்டி மோட்டார் இல்லாதது. அதில் ஏறினால் மோட்டார் சத்தம் குறையும். குவீன்ஸ் பார்க் வரை பெரும்பாலும் திறந்த வெளி, அதைத் தாண்டியதும் சுரங்கம். அதற்கு முன்பே மேல்கோட்டைக் கழற்றி வையுங்கள், தண்ணீரும் குடித்துக்கொள்ளுங்கள்.

காதைப் பொறுத்தவரை, பிரிட்டனில் வேலையிடங்களுக்கான சட்டம் நாள் முழுதும் சராசரி 85 டெசிபலைத் தொட்டாலே காதுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்குகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 85-ல் எட்டு மணி நேரம் என்றால் 94-ல் ஒரு மணி நேரம்தான். உங்கள் பயணத்தில் உச்ச சத்தம் சில நிமிடங்களே என்பதால் பெரியவர்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை. எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த இரைச்சலை வெல்ல இயர்போன் சத்தத்தைக் கூட்டி வைப்பது. தினமும் அப்படிச் செய்தால் காது கெடும். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் போதும், அறிவிப்பு அதன் வழியே கேட்கும். குழந்தையோடு போனால் காதுமூடி போட்டுவிடுங்கள்.

இரண்டு விஷயங்களை மட்டும் ஊழியரிடம் சொல்ல வேண்டும். ஒன்று, வேகம் கூடினால் வேகமாகவும் குறைந்தால் மெதுவாகவும் ஒரே சீராக அடியில் அடிக்கும் சத்தம். பிரேக்கில் சக்கரம் வழுக்கித் தட்டையாகியிருக்கலாம், இலை உதிரும் காலத்தில் இது அதிகம். இன்னொன்று, ரப்பரோ ஒயரோ கருகும் வாடை. பிரேக்கின் சூடான இரும்பு வாடை சாதாரணம், இது வேறு. பெட்டிக்குள் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த நிலையத்தில் சொல்லுங்கள். உடனடி ஆபத்து இல்லையென்றால் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் அலாரத்தை இழுக்காதீர்கள், உதவி செய்ய ஆட்கள் இருப்பது நிலையத்தில்தான்.