குடிநோயாளர் கூட்டத்துக்குப் போக யாரிடமும் பணம் கட்ட வேண்டாம்

கேள்வி: வலங்கைமான் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் கணவர் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். தினமும் குடிப்பவர், இப்போது அவராகவே, “நிறுத்தினவங்க கூடுற கூட்டம் இருந்தா போய்ப் பார்க்கிறேன்” என்கிறார். அதை எங்கே விசாரிப்பது? பெயர், முகவரி எழுதி வாங்குவார்களா? உறவினர் ஒருவரோ, முப்பதாயிரம் கட்டினால் குடி மறுவாழ்வு மையத்திலிருந்து வேன் வந்து அழைத்துப் போகும் என்கிறார்.

பதில்: உங்கள் கணவர் கேட்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. எனப்படும் குழுவின் கூட்டம். 1935-இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் இருவர் தொடங்கிய இதனை இன்றும் குடியை நிறுத்தியவர்களே நடத்துகிறார்கள். சேருவதற்கு வேண்டிய ஒரே தகுதி, நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். அது அவரிடம் வந்துவிட்டது.

முதலில் அந்த வேனை மறந்துவிடுங்கள். ஏ.ஏ. கட்டணம் வாங்குவதில்லை, யாரையும் உள்ளே வைத்துப் பூட்டுவதில்லை, வண்டி அனுப்புவதும் இல்லை. முன்பணம் கேட்கிறவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் அவர் தரகர்தான். ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு அவருக்கு ஒரு பங்கு உண்டு. கைபேசியில் தேடும்போது விளம்பரமாக முதலில் வந்து நிற்கும் எண்களும் பெரும்பாலும் இந்த வகைதான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், நள்ளிரவில் நான்கு பேர் வந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு போவதை ‘சிகிச்சை’ என்று குடும்பங்களை நம்ப வைக்க முடிகிறது. பேருந்தின் முதுகிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் ‘குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்’ மருந்தையும் தொடாதீர்கள். அதில் கலந்திருப்பது டைசல்பிரம் என்ற மருந்து என்றால், அதன் மேல் அவர் குடிக்கும்போது உயிருக்கே ஆபத்தாகலாம்.

விசாரிக்க வேண்டிய இடம், தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளர் பிரிவு. வரிசையில் நின்று மருத்துவரைப் பார்க்கும் இரண்டு நிமிடத்தில் இதைக் கேட்க முடியாது. அங்குள்ள ஆலோசகரையோ சமூகப் பணியாளரையோ கேளுங்கள், குழுவில் உள்ளவர்களை அவர்களுக்கே நேரில் தெரிந்திருக்கும். போதை மீட்புக்கான 14446 என்ற கட்டணமில்லா உதவி எண்ணிலும் கேட்கலாம். கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்குமாதலால், பழைய பட்டியலை நம்பிப் பேருந்து ஏறாமல், குழு உறுப்பினர் ஒருவரிடம் அன்றைக்கே பேசிவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள். 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே நடத்துகிறது. நிறுத்த விரும்புகிறவர் போக வேண்டிய இடத்தை அந்தக் கடை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்க மட்டும் யாருக்கும் கை வரவில்லை. இதே திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், குடிநோய்க்குச் சிகிச்சை தரும் சென்னை டி.டி.கே. மருத்துவமனை ஊருக்குள்ளேயே முகாம் அமைத்துச் சிகிச்சை தந்து காட்டியது 1980-களின் இறுதியில்; அதைப் பார்த்து ஒவ்வொரு வட்டத்திலும் செய்திருக்கலாம்.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்துக்கு வருகிறேன். பதிவேடு கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் பெயரை மட்டும் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கித் தம் கதையைப் பேசுவார்கள். புதியவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வரலாம். அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது அவர்களின் கட்டுப்பாடு. தேநீருக்கும் வாடகைக்கும் ஒரு பை சுற்றி வரும்; போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. தேவாலயக் கட்டடத்தில் நடந்தால் மதம் மாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம், இடம் மட்டுமே தேவாலயத்துடையது. இவ்வளவுக்கும் பிறகு கூச்சமாக இருந்தால், அருகில் இருப்பதை விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளியுள்ள ஊரின் கூட்டத்துக்குப் போகட்டும்; கூட்டம் பெரும்பாலும் மாலையில்தான் நடக்கும் என்பதால், திரும்பி வரக் கடைசிப் பேருந்து எப்போது என்பதை முன்பே பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் அவருக்குக் கை நடுங்குகிறதா, ஒரு வாய் ஊற்றினால்தான் நடுக்கம் நிற்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால், ‘கூட்டத்துக்குப் போகிறோமே’ என்று அவர் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்து ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றும் நிலையும் வரலாம். இதில் இறந்தவர்கள் உண்டு. முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் இம்முறையும் வரக்கூடும் என்றே கொள்ளுங்கள். இத்தகையவர் முதலில் மருத்துவமனையில் சேர்ந்து, மருந்தும் வைட்டமின் ஊசியும் பெற்று, மருத்துவர் அனுப்பிய பிறகே வீடு திரும்ப வேண்டும். நடுக்கம் இல்லாதவருக்கு இந்தத் தடை இல்லை என்றாலும், ‘அவருக்கு அப்படியெல்லாம் இல்லை’ என்று நீங்களாக முடிவு செய்யாமல் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நீங்களும் உடன் போக விரும்பினால் அது ‘திறந்த கூட்டமா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவை குடிநோயாளிகளுக்கு மட்டுமானவை. குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற குழு தனியாக உண்டு, அவர் வராத நாளிலும் நீங்கள் அங்கே போகலாம். சம்பா அறுவடைக்கு இயந்திரத்தோடு வெளியூர் போகும் மாதங்கள்தான் அவருக்குக் கடினமானவை, ஏனெனில் வேலை முடிந்ததும் கூலியோடு குவார்ட்டரும் கைக்கு வரும். புறப்படுமுன் அந்தந்த ஊர்ப் பக்கம் உள்ள குழு உறுப்பினரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காத ஊரில், கைபேசி வழியாக நடக்கும் கூட்டத்தில் வயல்வரப்பில் உட்கார்ந்தபடியே சேர்ந்துகொள்ளலாம்.