சுட்ட அன்றே மூன்கேக்கை வெட்டாதீர்கள்

கேள்வி: சீனர்களின் நிலாப் பண்டிகைக்காக, உள்ளே பூரணம் வைத்த கண்டோனீஸ் வகை மூன்கேக்கை வீட்டில் சுட்டேன். நிறம் நன்றாக வந்தது. ஆனால் மேல்மாவு பிஸ்கட் போல வறண்டு கிடக்கிறது. எங்கே தவறு? கடையில் வாங்குவதென்றால், முட்டைகூடச் சேர்க்காத என் அம்மாவுக்கு எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (பினாங்கு வாசகி)

பதில்: அநேகமாகத் தவறே இல்லை. சுட்ட அன்று அது அப்படித்தான் இருக்கும். நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். தாமரை விதைப் பூரணத்தின் எண்ணெயும் ஈரமும் மெல்ல மேல்மாவுக்கு ஏறி, அது மிருதுவாகிப் பளபளக்கும். தயவுசெய்து அதற்குள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் நாளும் வறண்டே இருந்தால் பாகைச் சந்தேகப்படுங்கள். வெறும் சர்க்கரைப் பாகு இதற்கு உதவாது. சர்க்கரையும் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, சிறு தீயில் பொன்னிறமாகக் காய்ச்ச வேண்டும். புளிப்பு சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிக்கிறது. அந்தப் பாகு ஈரத்தைப் பிடித்து வைக்கும், மறுபடி சர்க்கரையாக இறுகிப் போகாது. காய்ச்சியதும் இரண்டு வாரமாவது ஊற விடுங்கள்.

100 கிராம் மாவுக்கு 70 கிராம் பாகு, 25 கிராம் கடலை எண்ணெய், அரைத் தேக்கரண்டி ஆயர் அபு (லை வாட்டர் எனும் காரநீர்) போதும். இந்தக் காரநீர்தான் பாகின் புளிப்பை முறித்து நிறம் கொடுக்கிறது. கூடினால் கறுத்துக் கசக்கும். 50 கிராம் அச்சென்றால் மேல்மாவு 15, பூரணம் 35 கிராம். 180 டிகிரியில் பத்து நிமிடம் சுட்டு, வெளியே எடுத்து ஆறவைத்து, மஞ்சள் கருவை மெல்லிசாகத் தடவி இன்னொரு பத்து நிமிடம். அதற்கு மேல் விட்டால் பக்கம் உப்பி, உள்ளேயும் காய்ந்துவிடும்.

சரி, கடைக்குப் போனால் முதலில் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். தாமரை விதை விலை அதிகம் என்பதால், மலிவான பூரணத்தில் வெள்ளை பீன்ஸ் கலப்பதுண்டு. பட்டியலில் எது முன்னால் வருகிறதோ அதுதான் அதிகம். அம்மாவுக்கு, உள்ளே வாத்து முட்டைக் கரு இல்லாததை எடுத்தால் மட்டும் போதாது. மேலே மினுங்குவதும் பெரும்பாலும் முட்டைப் பூச்சுதான். அடுக்கடுக்காக உதிரும் தியோச்சியூ (ஒரு சீனப் பிரிவினரின்) வகையிலும், ஐந்து பருப்பு (கொட்டைகளும் விதைகளும்) வகையிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். சுடாமல் செய்யும் ஸ்னோ ஸ்கின் வகையில் முட்டைப் பூச்சு கிடையாது. அதிலும் பூரணத்தைப் பார்த்து வாங்குங்கள், குளிர்பெட்டியில் வையுங்கள்.

2026-இல் நிலாப் பண்டிகை செப்டம்பர் 25. வீட்டில் செய்வதென்றால் அந்த மாதம் முதல் வாரமே பாகு காய்ச்சி, 22-ஆம் தேதிக்குள் சுட்டுவிடுங்கள்.