ஆள் என்ற ஒரு சொல்

வணக்கம் சேர்,

ஐரோப்பாவில் புதியதொரு சமூகத்தைக் கனவு கண்ட ரொபர்ட் ஓவன், ஃபூரியே ஆகியோர் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை ஹட்டனில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் படித்தோம். பெரிய வாக்குவாதமே நடந்தது. கற்பனாவாத சோசலிஸ்டுகள் மனிதகுலம் முழுவதையும் ஒரே குடும்பமாகப் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால், வேறொரு நாட்டிலிருந்து வந்து இங்கே குண்டு வைக்கப் பார்த்தான் என்று பிடிபட்ட ஒருவனை அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? "ஓவன் அவனுக்குச் சட்டத்தரணி வைத்துக் கொடுப்பாரா, பள்ளிக்கூடம் வைத்துக் கொடுப்பாரா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். எங்கள் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து லயத்து அக்கா ஒருவர் கொழும்பில் வீட்டு வேலை செய்தவர். 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடை தேவாலயத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சட்டத்தின் பாதுகாப்பு நாட்டின் பிரசைகளுக்கு என்றால் விளங்குகிறது. இந்த மண்ணோடு ஒரு தொடர்பும் இல்லாத வெளிநாட்டுச் சந்தேகநபருக்கும் அதே பாதுகாப்பு என்றால் மனம் ஒப்பவில்லை. நான் பிழையாக யோசிக்கிறேனா?

அன்புடன்,
ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

அந்த அக்காவைப் பற்றி எழுதிய வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. உங்கள் கோபத்தில் பிழை இல்லை. அன்று கொல்லப்பட்டவர்கள் 260 பேருக்கும் மேல். அதைச் செய்தவர்களையும் செய்வித்தவர்களையும் சரியாகக் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு கிடையாது. நான் பேசப்போவதெல்லாம் அந்தச் 'சரியாக' பற்றித்தான்.

முதலில் உங்கள் நண்பரின் கேள்வி. நல்ல கேள்வி. ஓவன் பள்ளிக்கூடம் வைத்துக் கொடுத்திருப்பார்; சட்டத்தரணியைப் பற்றி யோசித்திருக்க மாட்டார் என்பதுதான் என் பதில். அவருடைய பெருமையும் அதில்தான், குறையும் அதில்தான்.

ஒருவனுடைய குணம் அவன் உண்டாக்கிக்கொண்டது இல்லை, அவனைச் சுற்றி இருந்தவை உண்டாக்கியது என்பதுதான் ஓவனின் அடிப்படை. 1813 முதல் எழுதிய கட்டுரைகளில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டினியிலும் அறியாமையிலும் ஒருவனை வளர்த்துவிட்டு, அப்புறம் அவனைத் தூக்கில் போடுவது என்ன நியாயம் என்று கேட்டார். இந்தக் கேள்வி எந்த நாட்டானுக்கும் பொருந்தும். 1835இல் அவர் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே 'எல்லா வகுப்பினர், எல்லா தேசத்தினர்' என்று இருந்தது. வெளியாள், உள்ளாள் என்ற பிரிவு அவர் மனதில் இடம்பிடிக்கவே இல்லை.

ஆனால் ஸ்கொட்லாந்தில் அவர் நடத்திய நியூ லனார்க் பஞ்சாலையை நம் மலையகத் தேயிலைத் தோட்டத்துக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். வீடு ஆலைக்காரருடையது. கடை ஆலைக்காரருடையது. 1816இல் திறந்த சிறுபிள்ளைப் பள்ளியும் அவருடையதே; தோட்டத்துச் சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நம்முடைய பிள்ளைக்காம்பராவுக்கு அது மூத்த அக்கா என்றே சொல்லலாம். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலையில் சேர்க்காதவர் அவர். நல்ல மனிதர், நல்ல துரை. நல்ல துரை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். அவர் இருக்கும்வரை லயத்துக் கூரை ஒழுகாது. அவர் மாற்றலாகிப் போனால் அடுத்த மழைக்கே ஒழுகும். அவர் இரக்கப்பட்டுத் தந்ததை, தராமல் விட்ட நாளில் போய்க் கேட்க ஓர் இடம் கிடையாது.

சந்தேகநபர் விஷயத்தில் இது ஆபத்தாகவே முடியும். 'இவன் சூழ்நிலையால் கெட்டவன், இவனைத் திருத்துவோம்' என்று தொடங்கினால், 'இவன் உண்மையிலேயே செய்தானா?' என்ற கேள்வி காணாமல் போய்விடும். விசாரணை இல்லாமலே திருத்தல் தொடங்கிவிடும். நம் நாட்டில் அதற்குப் புனர்வாழ்வு என்று பெயர். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ முகாமும் புனர்வாழ்வு முகாம்தான். குற்றம் நிரூபிக்கப்படாத தமிழ் இளைஞர்கள் அங்கே இருந்தார்கள். 2000 அக்டோபர் 25ஆம் திகதி காலை ஒரு கும்பல் உள்ளே புகுந்து 25க்கும் மேற்பட்டவர்களை வெட்டியும் எரித்தும் கொன்றது. காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. குற்றவாளிகள் என்று மேல் நீதிமன்றம் தீர்த்தவர்களும் 2005இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். அந்தச் செய்தி வந்த காலையில் நான் வகுப்பில் நின்றேன். என்ன பாடம் நடத்தினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

2021 மார்ச்சில், தீவிரவாத எண்ணம் உடையவர்கள் என்று கருதப்படுவோரை வழக்கு இல்லாமல் புனர்வாழ்வுக்கு அனுப்பலாம் என்று ஒழுங்குவிதிகள் வந்தன. அந்த ஆண்டே உயர் நீதிமன்றம் அவற்றை இடைநிறுத்தியது. ஓவன் உயிரோடு இருந்தால் அந்த விதிகளைப் பார்த்து வேதனைப்பட்டிருப்பார் என்றே நம்புகிறேன். ஆனால் அவற்றை எதிர்க்க அவருடைய தத்துவத்தில் ஆயுதம் இல்லை.

ஃபூரியேயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உழைக்கும் உரிமையும் வயிற்றுக்கு உணவும் இல்லாதவனுக்கு மற்ற உரிமைகள் வெறும் எழுத்து என்று அவர் சொன்னது இன்றும் உண்மை. அதே மனிதர் யூதர்களைப் பற்றி அருவருப்பான வெறுப்போடு எழுதினார். என் முந்தைய கட்டுரையில் அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. உலகம் முழுவதையும் அணைக்க வந்தவருக்குப் பக்கத்து வீட்டு அந்நியனை அணைக்க முடியவில்லை.

இவர்களோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு பிரெஞ்சுக்காரர் சாங் சிமோனின் கதைதான் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. 1793 செப்டம்பரில் பிரெஞ்சுப் புரட்சி அரசு 'சந்தேகநபர்கள் சட்டம்' கொண்டுவந்தது. பேச்சால், எழுத்தால், பழக்கவழக்கத்தால் கொடுங்கோன்மைக்கு ஆதரவானவர் என்று தெரிந்தால் கைது. நல்ல பிரசை என்ற சான்றிதழ் மறுக்கப்பட்டாலும் கைது. அந்த நவம்பரில் சாங் சிமோனைப் பிடித்தார்கள். பல மாதங்கள் அடைபட்டுக் கிடந்தார். லக்சம்பர்க் மாளிகையைச் சிறையாக்கியிருந்தார்கள். அவர் இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. அதே சிறைக்கு டிசம்பர் கடைசியில் ஆங்கிலேய எழுத்தாளர் தோமஸ் பெயினும் வந்தார். புரட்சியை ஆதரித்துப் பிரான்சுக்கு வந்தவர், அந்நாட்டுச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். வெளிநாட்டவர் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று நீக்கிவிட்டு, பிறகு கைது செய்தார்கள். 'பயங்கரவாதம்' என்ற சொல்லே அந்தக் காலத்துப் பிரான்சில் பிறந்ததுதான். அப்போது அது அரசு செய்ததற்கு வைத்த பெயர்.

அப்படிக் கிடந்து வெளியே வந்த சாங் சிமோன், பிற்காலத்தில் சந்தேகத்தின் பேரில் பிடிபடுபவனுக்கு என்ன பாதுகாப்பு என்று திட்டம் போட்டாரா? விஞ்ஞானிகளும் தொழில் செய்வோரும் நடத்தும் சமூகத்தைக் கனவு கண்டார். சட்டம் படித்தவர்களைப் பழைய காலத்தின் மிச்சமாகவே பார்த்தார். இது அவர் ஒருவருடைய குறை மட்டும் இல்லை. 1516இல் 'உட்டோப்பியா' என்ற சொல்லையே உண்டாக்கிய தோமஸ் மோர், அந்தத் தீவில் சட்டத்தரணிகளே இல்லை என்று எழுதினார். அதே தீவில் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர்விட்டு ஊர் போனால் தண்டனை. இரண்டாம் தரம் போனால் அடிமை. படித்தபோது எனக்குத் துண்டு முறைதான் ஞாபகம் வந்தது. கடன் தீர்ந்தால் விடலாம் என்று எழுதிய துண்டு இல்லாமல் நம் கொள்ளுத்தாத்தாக்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல்தான் அதை ஒழித்தார்கள்.

இவர்கள் நடுவில் ஃப்ளோரா திரிஸ்தான் வேறு மாதிரி. அப்பா பெருவைச் சேர்ந்தவர், அம்மா பிரெஞ்சுக்காரி. பெற்றோரின் திருமணத்தைப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்கவில்லை. சொத்தில் பங்கு கேட்டுப் பெருவுக்குப் போனபோது, கலியாணப் பத்திரம் இல்லை என்று சித்தப்பா கைவிரித்தார். காகிதம் இல்லாத பிள்ளை. திரும்பி வந்து 1835இல், வெளியிலிருந்து வரும் பெண்களை நல்லபடி வரவேற்க வேண்டியதன் அவசியம் பற்றி ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அதற்கென்று ஒரு சங்கமே வேண்டும் என்றார். தெரியாத ஊரில், ஆள் துணை இல்லாமல், எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்கும் இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்து எழுதியவர். கனவு கண்டவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் அவர்.

சரி, இனி நம் மலைக்கு வருவோம். வெளிநாட்டுச் சந்தேகநபருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி இங்கே 1937இலேயே வந்துவிட்டது. மார்க் அந்தனி பிரேஸ்கேடில் என்ற வெள்ளைக்கார இளைஞர் அதற்கு முந்தைய ஆண்டு மடுல்கெலையில் ஒரு தோட்டத்துக்குத் தொழில் பழக வந்தார். தோட்டத்து நிலைமையைப் பார்த்து லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் துரைமாருக்கு எதிராகப் பேசினார். 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டுப் போகும்படி ஆளுநர் ஸ்டப்ஸ் உத்தரவிட்டார். பிரேஸ்கேடில் தலைமறைவானார். மே மாதம் காலிமுகத்திடல் கூட்டத்தில் மேடையேறினார். அப்புறம் கைதானார். பிடித்து வைத்தவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஆளுநர் பயன்படுத்திய 1896ஆம் ஆண்டு அதிகாரம் அவசரநிலைக்கு உரியது, பேசினார் என்பதற்காக ஒருவரை நாடுகடத்த அதைப் பயன்படுத்த முடியாது என்று பிரதம நீதியரசர் ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அவர் வெள்ளைக்காரர் என்பதால் கிடைத்த நீதி என்று சொல்வீர்கள். உண்மைதான். அந்தக் கதவைத் தட்ட நம் ஆட்களுக்கு அன்று வழியே இருக்கவில்லை. ஆனால் கதவு என்று ஒன்று இருந்தது. ஓவனின் ஊரிலும் ஃபூரியேயின் ஊரிலும் அது கட்டப்படவே இல்லை.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: பிரசைக்கு மட்டும் போதாதா? ஈஸ்டர் குண்டுதாரிகள் அனைவரும் இந்நாட்டுப் பிரசைகள், தம்பி. வெளிநாட்டவருக்கு உரிமையை மறுத்திருந்தால் அந்த அக்கா உயிரோடு இருந்திருப்பாரா? பிரித்தானியா 2001இல், சந்தேகத்துக்குரிய வெளிநாட்டவரை மட்டும் வழக்கின்றிக் காலவரையின்றி அடைத்து வைக்கச் சட்டம் போட்டது. ஆபத்து உள்நாட்டவரிடமிருந்தும் வரும்போது வெளிநாட்டவரை மட்டும் அடைப்பது பாகுபாடு என்று 2004இல் ஒன்பது பிரபு நீதியரசர்களில் எட்டுப் பேர் தீர்ப்பளித்தார்கள். அமெரிக்கா தன் குவாந்தனாமோ சிறை முகாமில் ஏறத்தாழ 780 பேரை அடைத்தது. பெரும்பாலானவர்கள் குற்றச்சாட்டே இல்லாமல் வெளியே போனார்கள். அந்தக் கைதிகளும் நீதிமன்றம் போகலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான் சொன்னது. ஒரே ஒரு வாக்கு.

நம்முடைய 1978 அரசியலமைப்பை எடுத்துப் பாருங்கள். சித்திரவதைக்கு எதிரான 11ஆம் உறுப்புரையும், கைது பற்றிய 13ஆம் உறுப்புரையும், சட்டத்தின் முன் சமம் என்ற 12ஆம் உறுப்புரையின் முதல் பகுதியும் 'ஆள்' என்று பேசுகின்றன. பேச்சுரிமை தரும் 14ஆம் உறுப்புரை 'பிரசை' என்று பேசுகிறது. அந்த 'ஆள்' என்ற சொல் யாருக்காக இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவர் உட்கார்ந்து 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். நாடற்றிருந்தவர்கள் கடைசியாகப் பிரசாவுரிமை பெற 2003இன் சட்டம் வர வேண்டியிருந்தது. அதுவரை நம்மில் எத்தனையோ பேருக்குச் சட்டத்தில் 'பிரசை' என்ற பெயர் இல்லை. 'ஆள்' மட்டும்தான். கள்ளத்தோணி என்று கூப்பிட்டவனுக்கு நாமும் வெளிநாட்டுச் சந்தேகநபர்தான்.

என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போனான். சுற்றிவளைப்பில் பிடிபட்டான். வீட்டில் பிரசாவுரிமைப் பத்திரம் முடியாததால் அடையாள அட்டை இல்லை. இந்தியாவிலிருந்து வந்த புலி என்று சொல்லி வைத்திருந்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அமைச்சரின் உத்தரவோடு அப்போது பதினெட்டு மாதம்வரை வைத்திருக்கலாம். 2022இல்தான் அதைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லும். அது அடித்து வாங்கியது என்று காட்டுவது அடிபட்டவனின் பொறுப்பு. அவன் அப்பா ஒவ்வொருவராகக் காலில் விழுந்தார். பெரிய மனிதர்கள் இரக்கப்பட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது வாரம் ஓர் இளம் பெண் சட்டத்தரணி நீதவான் முன் எழுந்து, 'எந்தத் தடுப்புக்காவல் உத்தரவின் கீழ் இவரை வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள்' என்று கேட்டார். உத்தரவே இருக்கவில்லை. அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் புறப்பட்டான்.

அந்தச் சட்டத்தரணிக்கு அவன் எந்த ஊர், எந்த நாடு, குற்றம் செய்தானா இல்லையா என்று தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேசுவேன் என்று இருந்திருந்தால் அவன் எங்கே போயிருப்பானோ.

அடுத்த கூட்டம் எப்போது என்று எழுதுங்கள், தம்பி. உங்கள் நண்பரை நேரில் பார்க்க ஆசை. ஹட்டன்வரை பஸ்ஸில் வந்துவிடுவேன். வரும்போது அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி ஒன்றும் கொண்டு வருகிறேன். அந்த மூன்று உறுப்புரைகளையும் எல்லோரும் சேர்ந்து வாய்விட்டு வாசிப்போம்.

அன்புடன்.