கேமில் மட்டும் பழகிய எட்டுப் பேர் ராமநாதபுரம் பக்கம் முதல் தடவை நேரில் கூடி விளையாட என்ன ஏற்பாடு வேண்டும்?

கேட்டிருப்பது இது: பி.ஜி.எம்.ஐ. என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் பழகிய எட்டுப் பேர். மூன்று பேர் கீழக்கரை, மண்டபம். மற்றவர்கள் மதுரை, சென்னை. ஒரு நாள் கூடி விளையாட வேண்டும். தனுஷ்கோடியில் வைத்துக்கொள்ளலாமா?

தனுஷ்கோடி சுற்றிப் பார்க்க நல்ல இடம். விளையாட்டுக்கு வேண்டாம். நிழல் கிடையாது, வெயிலில் திரை தெரியாது. பிரைட்னஸைக் கூட்டினால் போன் சூடேறி ஃபிரேம் விழும், அதாவது படம் திக்கித் திக்கி ஓடும். காற்று மைக்கில் இரைந்துகொண்டே இருக்கும். மணலும் உப்பு ஈரமும் சார்ஜிங் துளைக்குள் போய்விட்டால் ஈரம் காயும்வரை சார்ஜ் ஏற்றக் கூடாது. மாலையானால் அங்கிருந்து திரும்பியும் ஆக வேண்டும். அதனால் ராமநாதபுரம் ஊருக்குள்ளோ கீழக்கரையிலோ ஓர் அறை பாருங்கள். உள்ளூர் நண்பர் வீட்டு மாடி கிடைத்தால் இன்னும் நல்லது, வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு.

இடத்தைவிட முக்கியமானது, என்ன விளையாடப் போகிறீர்கள் என்பது. தினமும் இரவு ஆடுகிற கிளாசிக் மேட்ச்சையே (கடைசிவரை பிழைத்த அணி ஜெயிக்கும் நீண்ட ஆட்டம்) நேரிலும் ஆடினால் கூடியதன் பலன் பாதி போய்விடும். எரங்கல் என்ற பெரிய மேப்பில் மேட்ச் ஒன்று அரை மணி நேரம் இழுக்கும். மூன்றாவது நிமிடத்தில் செத்தவர் மீதி நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். முதல் சந்திப்பில் கூச்சத்தோடு வந்திருப்பவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார். சுற்று சின்னதாகவும், செத்தவர் உடனே திரும்பி வருவதாகவும் இருக்கும் ஆட்டம்தான் நேரில் எடுபடும். டீம் டெத்மேட்ச் நாலுக்கு நாலு, 40 கில் எடுத்த அணி ஜெயிக்கும், பத்து நிமிடத்துக்குள் முடியும். எட்டுப் பேருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. உங்களுக்குள் மட்டும் மோத ரூம் கார்டு (கேமுக்குள் தனி ரூம் திறக்கும் சீட்டு) தேவை. யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். வழக்கமான ஸ்குவாடை அப்படியே உட்கார வைக்காமல் சீட்டுப் போட்டு அணி பிரியுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே அதிகம் பேசுகிற நாலு பேரே ஒன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒரே அறையில் கேமின் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் போன்கள் ஒன்றின் சத்தத்தை மற்றொன்று வாங்கி ஊளையிடும். வயர் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினால் எதிரியின் காலடி அந்தக் காதில், நண்பன் குரல் மறு காதில். ப்ளூடூத்தில் சத்தம் தாமதித்து வருவதால் காலடியை நம்பிச் சுட முடியாது.

அமங் அஸ் (கூட்டத்தில் ஒளிந்திருக்கும் கொலையாளியைப் பேசிக் கண்டுபிடிக்கும் கேம்) ஆடும்போது கொலையாளியின் முகத்தை நேரில் பார்க்க முடிகிறது. அந்தச் சுவை ஆன்லைனில் வராது. 'லோக்கல்' முறையில், எல்லாப் போனும் ஒரே வைஃபையில் இருந்தால், 4 முதல் 15 பேர் வரை ஆடலாம், இணையம் வேண்டாம். ஒருவர் திரை அடுத்தவருக்குத் தெரியாமல் சுவரோரமாக உட்காருங்கள், மீட்டிங் கூடும்வரை பேசக் கூடாது. எட்டுப் பேருக்கு இரண்டு இம்போஸ்டர் (கொலையாளி) சரியாக வரும்.

இப்படி இணையம் இல்லாமல் ஓடும் ஆட்டம் ஒன்று மாற்றாகக் கைவசம் இருந்தே ஆக வேண்டும். மாலை ஏழுக்கு மேல் டவரில் நெரிசல் கூடினால் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 60-லிருந்து 200 மில்லிசெகண்டுக்குத் தாவும். சராசரி கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் ஆடிவிடலாம், தாவித் தாவி விழுவதைத்தான் சமாளிக்க முடியாது. அறையை உறுதி செய்வதற்கு முன் உள்ளூர் நண்பர் ஒருவர் அதே இடத்தில் அதே நேரத்தில் இரண்டு மேட்ச் ஆடிப் பார்க்கட்டும்.

லோக்கல் ஆட்டத்துக்குப் பழைய ரவுட்டர் ஒன்று போதும், இணைய இணைப்பே வேண்டாம். மின்சாரம் போனாலும் ஓட, 5 வோல்ட்டை 12 ஆக்கும் யூ.எஸ்.பி. பூஸ்டர் கேபிளால் பவர் பேங்கில் மாட்டுங்கள். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் சுமார் 37 வாட்-மணி இருக்கும். 6 வாட் இழுக்கும் ரவுட்டர், இழப்புப் போக, நான்கைந்து மணி நேரம் ஓடும். (அதே பவர் பேங்க் 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு தடவை நிரப்பும் என்று நம்பாதீர்கள். ஒன்றேகால் தடவைதான் கணக்கு.)

நண்பர் உருவாக்கிய ரூம் திரையில் வரவில்லை என்றால் பாதி நேரம் காரணம் ஒன்றுதான்: வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். டேட்டாவை அணையுங்கள். 'இணையம் இல்லை, இணைப்பில் இருக்கவா?' என்று கேட்டால் ஆம் என்று கொடுங்கள். வி.பி.என். (இணைப்பை வேறு சர்வர் வழியே திருப்பும் ஆப்) ஓடினால் நிறுத்துங்கள். ஐபோனில் அந்தக் கேமுக்கு 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி வேண்டும். லாட்ஜ் வைஃபையை நம்ப வேண்டாம். விருந்தினர் போன்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி பல இடங்களில் பூட்டியிருப்பார்கள். லோக்கலில் ஆட இன்னொன்று மைன்கிராஃப்ட் (கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் கேம்). அதில் எல்லோருக்கும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும், கணினியின் ஜாவா பதிப்பும் போனின் பெட்ராக் பதிப்பும் சேராது. அப்டேட் எல்லாம் வீட்டிலேயே.

தேதி: ஆடி, தை, மகாளய அமாவாசைகளை விட்டுவிடுங்கள், ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காது, பஸ்ஸிலும் நிற்க இடமிருக்காது. கீழக்கரையில் வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா முடிந்து இரண்டு மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை போகிறது. சென்னைக்காரர்கள் அதுவரை டிக்கெட் எடுத்துவிடாமல் ராமநாதபுரத்திலேயே இறங்கட்டும், அங்கிருந்து ராமேஸ்வரம் இன்னும் 55 கி.மீ. மறுநாள் கோயிலுக்குப் போவதாக இருந்தால் உள்ளே போனுக்கு அனுமதி இல்லை, வெளியே ஒப்படைக்க வேண்டும். உங்களில் விசைப்படகில் போகிறவர் இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கரையில்தான் இருப்பார். ஆனால் கையில் பணம் குறைவான மாதங்களும் அவைதான். செலவைச் சமமாகப் பிரிப்பதற்கு முன் அதை யோசியுங்கள்.

முன்தினம் எல்லோரும் ஒரு தடவை வீடியோ காலில் முகம் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பு பகலில், பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆள் நடமாட்டமுள்ள இடத்தில். 18 வயது ஆகாதவர் வந்தால் பெற்றோருக்குத் தெரிந்தே வர வேண்டும். வயது நேரில்தான் தெரியவரும் என்பது இன்னொரு விஷயம். இத்தனை நாள் 'டேய்' போட்டவர் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கீழக்கரைக்காரரை 'காக்கா' (அங்கே அண்ணன்) என்றும், மற்றவரை 'அண்ணே' என்றும் முதல் வார்த்தையிலேயே மாற்றிக்கொண்டால் மனத்தாங்கல் வராது. அவரே 'மாப்ள, பழையபடியே கூப்பிடு' என்பார்.

ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு ஜெயித்தவருக்கு என்று ஆரம்பிக்காதீர்கள். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்கிறது, நட்பும் அதில்தான் முதலில் கெடும். தோற்ற அணி கீழக்கரைத் தொதல் (அல்வா மாதிரி இனிப்பு) வாங்கித் தரட்டும். தின்ற கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் போனைத் தொட வேண்டும், அந்த எண்ணெய்ப் பிசுக்கில் எய்ம் வழுக்கும்.

கிளம்புவதற்கு முன் மைன்கிராஃப்டில் சேர்ந்து கட்டிய உலகத்தை 'எக்ஸ்போர்ட் வேர்ல்ட்' கொடுத்து எட்டுப் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அது உருவாக்கியவர் போனில் மட்டும் இருக்கும். அந்தப் போன் கெட்டால் உலகமும் போய்விடும்.