மூன்றாவது கொலுசு ஏன் கீழே இறங்குகிறது?

வலைப்பக்க வடிவமைப்பு: வாசகர் கேள்வி – பதில்

(எச்.டி.எம்.எல். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் மொழி; ஸ்டைல்ஷீட் அதன் தோற்றத்தைச் சொல்லும் ஃபைல். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறோம். ஃபைலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.)

கேள்வி: எங்கள் வெள்ளிக் கொலுசுக் கடைக்கு நானே பக்கம் போட்டுப் பழகுகிறேன். 960 பிக்சல் அகலத்துக்குள் 320 வீதம் மூன்று பெட்டிகள் வைத்தேன். கணக்கு சரிதானே? ஆனாலும் மூன்றாவது கொலுசு கீழே இறங்கிவிடுகிறது. ஸ்டைல்ஷீட்டை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: பேடிங்கும் (பெட்டிக்கு உள்ளே விடும் இடம்) பார்டரும் (ஓரக்கோடு) உங்கள் கணக்கில் விட்டுப்போயின. கொலுசுப் பெட்டிக்கு உள்ளளவு வேறு, வெளியளவு வேறு; ஷோகேஸில் இடம் பிடிப்பது வெளியளவு. இங்கும் அதே கதைதான். 'விட்த்' (அகலம்) என்று கொடுத்த 320 உள்ளளவு மட்டும். இரு பக்கமும் பேடிங் 15, பார்டர் 1 போட்டிருக்கிறீர்கள். 320, 30, 2 சேர்ந்து ஒரு பெட்டி 352. மூன்றுக்கும் 1056. அது 960-ல் எப்படிக் கொள்ளும்?

ஸ்டைல்ஷீட்டின் தொடக்கத்திலேயே, எல்லாவற்றையும் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கு (*) 'பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்' என்று எழுதிவிடுங்கள். அதன்பின் 320 என்றால் வெளியளவே 320. உள்ளே 288 மிஞ்சும். மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடம்) மட்டும் அப்போதும் தனியாகத்தான் கூடும்.

அப்படியும் மூன்றாவது இறங்கும்! நீங்கள் 'டிஸ்பிளே: இன்லைன்-பிளாக்' போட்டிருப்பதே காரணம். அதில் பெட்டிகளைப் பிரவுசர் சொற்களைப் போலவே வரிசையில் வைக்கும். எச்.டி.எம்.எல்.லில் ஒரு பெட்டியை முடித்து என்டர் தட்டி அடுத்ததைத் தொடங்கினால், அந்த என்டர் இரு சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியாகவே விழும். சாதாரண எழுத்தளவில் சுமார் 4 பிக்சல்தான். ஆனால் 960-ம் நிரம்பிய வரிசையில் 1 பிக்சலுக்குக்கூட இடமில்லை.

எனவே கட்டங்களாக அடுக்கும் கிரிட்டுக்கு மாறுங்கள். வெளிப்பெட்டிக்கு 'டிஸ்பிளே: கிரிட்', 'கேப்: 16பிஎக்ஸ்', 'கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்: ரிபீட்(ஆட்டோ-ஃபில், மின்மேக்ஸ்(260பிஎக்ஸ், 1எஃப்ஆர்))'. உள்பெட்டிகளிலிருந்து விட்த், இன்லைன்-பிளாக் இரண்டையும் எடுத்துவிடுங்கள். பெட்டிக்குக் குறைந்தது 260, நடுவே 16 இடைவெளி என்பதே இதன் பொருள். மூன்று 260-ம் இரண்டு 16-ம் 812. 960-ல் மூன்று நிற்கும், மிச்ச இடத்தை மூன்றும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். 360 அகல மொபைலில் இரண்டு நிற்க 536 வேண்டும் என்பதால் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். ஃபிளெக்ஸ் என்ற இன்னொரு அடுக்குமுறையிலும் செய்யலாம்தான். ஆனால் மிச்ச இடத்துக்கு விரியச் சொல்லும் 'ஃபிளெக்ஸ்-குரோ' கொடுத்திருந்தால், கடைசி வரிசையில் தனியாக வரும் நான்காவது கொலுசு திரை முழுக்க இழுபட்டு நிற்கும். சரக்குப் படங்களுக்கு கிரிட்டே மேல்.

கேள்வி: ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். லேப்டாப்பில் நன்றாக இருக்கும் பக்கம், மொபைலில் எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது.
– வாசகி, ஏற்காடு

பதில்: எச்.டி.எம்.எல்.லின் ஹெட் பகுதியில், திரை அகலத்தைப் பின்பற்றச் சொல்லும் 'வியூபோர்ட்' மெட்டா வரி இல்லை. அது இல்லாவிட்டால் மொபைல் பிரவுசர், பெரும்பாலும் 980 பிக்சல் அகலத்தில் பக்கத்தை அடுக்கி, பிறகு திரைக்குள் சுருக்கிவிடும். நேம் 'வியூபோர்ட்', கன்டென்ட் 'விட்த்=டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல்=1' என்று ஒரு வரி சேருங்கள்.

எழுத்து பெரிதாகும். ஆனால் உடனே பக்கம் பக்கவாட்டில் ஓடும். லேடீஸ் சீட் காட்சிமுனைப் படத்தைக் கேமராவில் வந்தபடியே 4000 பிக்சலில் ஏற்றியிருக்கிறீர்கள். படங்களுக்கு 'மேக்ஸ்-விட்த்: 100%', 'ஹைட்: ஆட்டோ' இரண்டும் கொடுங்கள். இரண்டாவதை விட்டால், எச்.டி.எம்.எல்.லில் உயரம் குறித்த படங்கள் நசுங்கும். இது பார்வைக்குத்தான் சுருக்கும், ஃபைலின் கனம் குறையாது. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும்போது உங்கள் பக்கத்தைத் திறப்பவரை நினைத்துப் பாருங்கள். ஏற்றுவதற்கு முன்பே படத்தை 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: தலைப்பின் நிறத்தை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் மாறவில்லை. பிந்தைய வரிதானே செல்லும்?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: இரண்டு விதிகளும் சம பலம் உடையவையாக இருந்தால்தான் பிந்தையது செல்லும். மேலே ஐடி (ஒரே ஒன்றுக்கு வைக்கும் பெயர்) வைத்து நிறம் கொடுத்து, கீழே கிளாஸ் (பலவற்றுக்கும் வைக்கும் பொதுப்பெயர்) வைத்து மாற்றப் பார்க்கிறீர்கள். பத்து கிளாஸ் சேர்த்தாலும் ஒரு ஐடியை வெல்லாது. நிறத்துக்கு ஐடியே வேண்டாம், எல்லாம் கிளாஸாக மாற்றுங்கள். தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' பாருங்கள்; தோற்ற வரி அடித்துக் காட்டப்பட்டிருக்கும். ஒருவேளை 'கலர்' என்பதை பள்ளியில் படித்தபடி 'யு' சேர்த்து எழுதினீர்களா? பிரவுசர் அதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். சி, ஓ, எல், ஓ, ஆர் மட்டுமே.

கேள்வி: இரண்டு வரித் தமிழ்த் தலைப்பு ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது.
– மாணவி, ஓமலூர்

பதில்: பக்கம் முழுவதையும் குறிக்கும் பாடிக்கு 'லைன்-ஹைட்: 1.6இஎம்' (வரி உயரம், எழுத்தளவின் 1.6 மடங்கு) கொடுத்திருக்கிறீர்கள். அங்கே எழுத்தளவு 16 என்பதால் 25.6 பிக்சல் என்று கணக்காகி, அந்தத் தொகையே 40 பிக்சல் தலைப்புக்கும் இறங்கிவிட்டது. 'இஎம்' வேண்டாம், வெறும் 1.6 போதும், அப்போது ஒவ்வொன்றும் தன் எழுத்தளவால் பெருக்கிக்கொள்ளும். தலைப்புக்கு அது 64 ஆகிச் சற்று அகலும், தனியாக 1.3 கொடுங்கள். அதற்கும் கீழே போனால் மேல்வரியின் 'ளு'வும் கீழ்வரியின் 'கி'யும் முட்டத் தொடங்கும்.