எல்லாம் சரிவரும் என்று எப்படி நம்புவது?

கேள்வி:

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 52. வெள்ளவத்தையில் இருக்கிறேன், புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டில் எனக்கு 'அபசகுனம்' என்று பட்டம். மனைவி வைத்தது. விடிந்தால் வாட்ஸ்அப்பில் பூவும் சூரியனும் போட்டு 'இன்று எல்லாம் நல்லதே நடக்கும்' என்று குடும்பக் குரூப்புக்கு அனுப்புவாள். நான் பதில் போடாவிட்டால் அதற்கும் கோபம்.

நான் நடக்கப் போவதைத்தானே சொல்கிறேன்? 2021 கடைசியிலேயே டொலர் தட்டுப்பாடு பெரிதாகும் என்றேன். மேலதிகமாக ஒரு காஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் வாங்கி வைத்தேன். மச்சான் சிரித்தார். 2022 இல் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல், காஸுக்கு ஊரே வரிசையில் நின்றபோது அதே மச்சான்தான் எங்கள் வீட்டில் வந்து சோறு சாப்பிட்டார். ஒருவராவது 'நீ சொன்னது சரி' என்றார்களா? இல்லை. இப்போதும் நான் வாயைத் திறந்தால் அபசகுனம்தான்.

83 கலவரத்தில் காலி வீதியில் அப்பாவின் கடை எரிந்தபோது எனக்குப் பத்து வயது. 'இந்தப் பக்கம் ஒன்றும் நடக்காது' என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

நித்திரையும் இப்போது சரியில்லை. போன மாதம் கரண்ட் பில்லைத் தேடும்போது மகளின் பைலில் ஒரு வங்கியின் நேர்முகத் தேர்வுக் கடிதம் கிடந்தது. தேதி முடிந்து கனநாள். மனைவியிடம் கேட்டேன். போனாளாம், கிடைக்கவில்லையாம், 'அப்பாவுக்குச் சொல்ல வேணாம்' என்றாளாம். சரி, அது அவர்கள் விஷயம். நான் கேட்க வந்தது வேறு. மச்சான் மாதிரி எதையும் யோசிக்காமல் சிரித்துக்கொண்டிருப்பவர்களைத்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. நடக்காததை நடக்கும் என்று நம்புவதால் உண்மையில் என்ன பிரயோசனம்?

— வெள்ளவத்தை வாசகர்

பதில்:

ஐயா, முதலில் உங்கள் கேள்விக்கே வருகிறேன். 2019 இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், நம்பிக்கை மனப்பான்மை மிகக் கூடியவர்களின் ஆயுள் அது மிகக் குறைந்தவர்களைவிடச் சராசரியாக 11 முதல் 15 சதவீதம் நீண்டிருந்தது. 'அங்கே காஸ் வரிசை இல்லையே' என்பீர்கள். அந்த நம்பிக்கைதான் ஆயுளைக் கூட்டியது என்றும் அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆகவே அதை விடுவோம். பூவும் சூரியனும் எனக்கும் வருகின்றன, நானும் திறப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் மச்சானுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறீர்கள். மகளுக்குக் கொஞ்சம்தான், அதுவும் கரண்ட் பில்லுக்கு நடுவில். 'அது அவர்கள் விஷயம்' என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை ஐயா, நித்திரை போனது மச்சானால் அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு பிள்ளை தோற்றுப்போய் வந்து, அந்தத் தோல்வியை இத்தனை நாள் ஒரே வீட்டுக்குள் உங்களிடமிருந்து மறைத்திருக்கிறாள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். 'நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும், நான் நினைத்தேன்' என்ற பேச்சைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

இதில் நான் அவள் பக்கம்.

மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் கவனித்த ஒன்று இங்கே பொருந்தும். கெட்டது நடந்தால் எல்லோருக்கும் வலிக்கும். ஆனால் சிலர் அதை 'இந்த முறை, இந்த இடத்தில் சரிவரவில்லை' என்று எடுத்துக்கொள்வார்கள். சிலர் 'எப்போதும் இப்படித்தான், எதிலும் இப்படித்தான்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். நீங்கள் அதை உலகத்தைப் பற்றிய கணிப்பாகச் சொல்கிறீர்கள். இருபது சொச்சம் வயதுப் பெண்ணின் காதில் அது அவளைப் பற்றிய தீர்ப்பாக விழுகிறது.

இதே செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967 இல் நாய்களை வைத்துச் செய்த பரிசோதனை பிரபலமானது. தப்ப வழியில்லாமல் மின்னதிர்ச்சி வாங்கிய நாய்கள், பிறகு வழி இருந்தபோதும் பெரும்பாலும் அசையாமல் கிடந்தன. இயலாமையை அவை கற்றுக்கொண்டன என்று சொன்னார்கள். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 2016 இல், இருவரும் தங்கள் விளக்கத்தையே திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது உயிருக்கு இயல்பாகவே வருவது, 'என்னால் ஏதோ செய்ய முடியும்' என்பதுதான் பழகிப் பெறுவது என்றார்கள்.

இப்போது உங்கள் காஸ் சிலிண்டரைப் பார்ப்போம். எல்லாம் நாசமாகப் போகிறது என்று முழுதாக நம்பியவன் அதை ஏன் வாங்க வேண்டும்? செய்தால் பலன் உண்டு என்று நம்பியவர்தான் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடியேறியிருப்பார். உங்களிடம் நம்பிக்கை இல்லை என்று உங்கள் மனைவி சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீட்டுக்காகக் கையால் செய்வதில் அது இருக்கிறது, பிள்ளையோடு கதைக்கும்போது மட்டும் காணாமல் போகிறது.

83 ஐப் பற்றி. கடை எரிந்ததைப் பார்த்த பத்து வயதுப் பையன் 'ஒன்றும் நடக்காது' என்ற சொல்லை வாழ்நாள் முழுக்கச் சந்தேகிப்பதில் பிழையே இல்லை. அந்தப் பயத்தைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அப்பா சொன்ன சொல்தான் கடையை எரித்தது என்பதுபோல, நல்ல வார்த்தை ஒன்று வாயில் வந்தாலே நீங்கள் விழுங்கிவிடுகிறீர்கள். கடையை எரித்தவர்கள் வேறு ஆட்கள் ஐயா.

நித்திரையின்மை தொடர்ந்தால் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். மனம் தாங்காத நேரத்தில் பேச, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

மகளிடம் கடிதத்தைப் பார்த்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். 'ஏன் சொல்லவில்லை' என்று தொடங்க வேண்டாம். என்ன கேட்டார்கள், எந்தக் கேள்வி கஷ்டமாக இருந்தது என்று மட்டும் கேளுங்கள். கணக்குப் பார்ப்பவர் நீங்கள், வங்கி நேர்முகத்தில் கேட்பதில் பாதி உங்களுக்கே தெரிந்திருக்கும். 'நான் அப்பவே நினைச்சன்' என்பது வாயில் வந்தால் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுங்கள். அவள் முதல் நாளே மனம் திறப்பாள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அடுத்த நேர்முகத் தேதியை அம்மாவிடம்தான் சொல்வாள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னால், இப்போதைக்கு அது போதும்.