வாடைக் காற்றுதான் உங்கள் மலை

கேள்வி: எனக்கு வயது 42. வேளச்சேரியில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. புற்றுநோய் வந்த குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி திரட்ட, ஒரு தொண்டு அமைப்பு ஜனவரி கடைசி வாரத்தில் ஜவ்வாது மலையில் இரண்டு நாள் மவுண்டன் பைக் பயணம் நடத்துகிறது. மொத்தம் 140 கிலோமீட்டர், அதில் கால்வாசி மண்பாதை. ஆர்வத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். 62 பேர் என்னை நம்பிப் பணமும் கொடுத்துவிட்டார்கள். இப்போது பயமாக இருக்கிறது. 25 கிலோமீட்டர் ஓட்டினாலே முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. பழகிப் பார்க்கச் சென்னையில் மலை ஏது? இன்னும் 16 வாரம்தான் இருக்கிறது, நடுவில் மழைக்காலம் வேறு. பாதியில் நின்றுவிட்டால் எல்லோர் முகத்திலும் எப்படி விழிப்பேன்? "பணத்தை நேராகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இந்த சைக்கிள்?" என்று மாமியார் கேட்கிறார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த முட்டியைப் பார்த்துவிடலாம். மலை, மாமியார் எல்லாம் அப்புறம்.

வலி முன்பக்கம் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய உதவி. முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான்: சீட் தாழ்வாக இருப்பது, கனமான கியரில் மிதிப்பது. புதிதாக ஓட்டுகிறவர்கள் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொள்வார்கள். அப்படி வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மேல் மடங்கும். ஒரு மணி நேரத்தில் நாலாயிரத்து சொச்சம் தடவை. வலிக்காமல் என்ன செய்யும்?

நாளைக்கே இதைச் செய்து பாருங்கள். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். ஒரு பெடலைக் கீழ்க்கோடி வரை இறக்கி, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. முட்டி மடங்கியிருந்தால் சீட் தாழ்வு. குதிகால் எட்டவில்லை என்றால் உயரம். ஓட்டும்போது முன்பாதத்தால்தானே மிதிப்போம், அப்போது முட்டியில் வேண்டிய அளவு மடிப்பு தானாக வந்துவிடும். ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். அரை அரை சென்டிமீட்டராக ஏற்றுங்கள். முட்டியின் பின்பக்கம் இழுக்க ஆரம்பித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். சிக்னலில் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்பக்கமாக இறங்கிக் கால் ஊன்றப் பழகுங்கள், விழுகிற பயம் ஒரு வாரத்தில் போய்விடும்.

கியருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓட்டும்போது 15 விநாடிக்குள் வலது முட்டி எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 20 வந்தால் சரி. 14, 15 என்றால் கியரை இலகுவாக்குங்கள். இரண்டு வாரம் இப்படி ஓட்டியும் வலி இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். வலியோடேயே ஓட்டிப் பழகிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

முட்டி சரியானாலும் ஒரு பொது மருத்துவரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். 40 தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி மூன்றும் வேண்டும். கூடவே ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. நம் பெண்களில் எத்தனையோ பேர் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டுப் பயிற்சி போதவில்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். குறை ரத்தத்தில் இருந்தால் எத்தனை ஓட்டினாலும் அது தீராது.

சரி, மலைக்கு வருவோம்.

பரங்கிமலையின் உயரமே 300 அடிதான். உங்கள் விஜயநகர் மேம்பாலத்தில் ஏறி இறங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும் ஏற்றத்தில் என்ன பழக முடியும்? மலையேற்றத்தில் நம்மைக் களைக்க வைப்பது சரிவு மட்டுமல்ல, ஓய்வே இல்லாததுதான். சமதரையில் பத்து மிதி மிதித்துவிட்டு, நாமே அறியாமல் ஐந்து மிதிக்குச் சும்மா உருளுவோம். மலையில் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். முக்கால் மணி நேரம் விடாமல் ஒரே அளவில் மிதிக்கத் தெரிய வேண்டும். அதைச் சொல்லித்தர நம் ஊரில் காற்று இருக்கிறது.

வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது அதே வாடை முகத்தில் அறையும். முட்டுக்காடு பாலத்தின்மேல் வந்துவிட்டால் மறைக்க ஒரு மரம், ஒரு சுவர் கிடையாது. அங்கே இலகுவான கியருக்கு மாற்றி, முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தி, நிற்காமல் மிதியுங்கள். அதுதான் உங்கள் மலை. முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு வேகம் குறைந்ததே என்று வருத்தப்படாதீர்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிற மூச்சில் ஓட்டினாலே போதும். நீண்ட தூரத்துக்கான தெம்பு அந்த மூச்சில்தான் சேரும்.

இந்தச் சாலையில்தான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. சில வருடங்களுக்கு முன்னால், விடிகாலை 4 மணிக்கு ஒரு காபியோடு கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். உத்தண்டி சுங்கச்சாவடி பக்கம் வந்தபோது கை நடுங்க ஆரம்பித்தது. கால் இருக்கிறது, ஆனால் என் காலாகத் தெரியவில்லை. எதிரே இருந்த கடைப் பலகையை எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது. ஒரு டீக்கடையில் உட்கார்ந்ததும் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டு, தாரிலிருந்து இரண்டு பழத்தைப் பிய்த்துக் கையில் வைத்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் உலகம் திரும்ப வந்தது. என் பயிற்சியில் எந்தக் குறையும் இல்லை. நான் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

தசையில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். அதற்கு மேல் போகிற எந்த நாளிலும், மணிக்கு இரண்டு வாழைப்பழமோ, ஒரு பழமும் ஒரு கடலைமிட்டாயுமோ உள்ளே போக வேண்டும். பசி வந்த பிறகு சாப்பிடலாம் என்றிருந்தால் காலம் கடந்துவிடும். முதல் அரை மணியிலேயே ஒரு வாய் போடுங்கள். ஓடும் சைக்கிளில் சாப்பிடுவது வயிற்றுக்கும் ஒரு பழக்கம், மலையில் போய் முதல் தடவையாகச் செய்து பார்க்கக் கூடாது. தண்ணீருக்கு வீட்டு எடைக்கருவி போதும். போவதற்கு முன்னும் வந்த பின்னும் நின்று பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் நீங்கள் குடித்ததைவிட ஏறக்குறைய ஒரு லிட்டர் கூடுதலாக வியர்த்திருக்கிறீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சாதாரணம். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் உப்பு இறங்கி அதுவே ஆபத்தாகும். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் ஓஆர்எஸ் கரைசல் அல்லது உப்புப் போட்ட மோர் வைத்துக்கொள்ளுங்கள்.

16 வாரம் போதும். வார நாட்களில் இரண்டு விடிகாலை, ஒரு மணி நேரம் வீதம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். முதல் ஞாயிறு 25, பிறகு வாரம் நாலைந்து கிலோமீட்டராகக் கூட்டுங்கள். உடம்பு பழகப் பழக இன்னும் கொஞ்சம் கூட்டலாம். நான்காவது வாரம் தோறும் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஓய்வெடுக்கும் வாரத்தில்தான் உடம்பு தேறும், அதை விட்டுவிடாதீர்கள். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய் வந்தால் 90 கிலோமீட்டர் பக்கம் வரும். ஜனவரி முதல் வாரத்துக்குள் அதை ஒரு தடவை முடித்திருந்தால் தூரத்தைப் பற்றிய பயம் விட்டுவிடும்.

ஆனால் 90 கிலோமீட்டரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. உங்களுடையது இரண்டு நாள் பயணம். முதல் நாளை எல்லோரும் ஓட்டிவிடுவார்கள். இரண்டாம் நாள் காலை, கன்றிப்போன இடத்தை மறுபடி சீட்டில் வைக்கும்போதுதான் கண்ணில் நீர் வரும். அதனால் டிசம்பரில் இரண்டு தடவையாவது சனிக்கிழமை 45, ஞாயிற்றுக்கிழமை 45 என்று அடுத்தடுத்து ஓட்டுங்கள். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குள் உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். கூச்சமாக இருந்தால் மேலே ஒரு ட்ராக் பேண்ட் போட்டு, வலது கணுக்காலில் செயினில் மாட்டாதபடி கட்டிவிடுங்கள். உரசும் இடத்தில் கிளம்பும் முன் வாஸ்லின் தடவுங்கள்.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வேளச்சேரிக்காரரான உங்களுக்குத் தெரியாததா? தேங்கிய தண்ணீருக்குள் மட்டும் இறங்காதீர்கள், அடியில் பள்ளமா, திறந்த மூடியா என்று யாருக்கும் தெரியாது. கொட்டுகிற நாளில் மாடிப்படி ஏறுங்கள், 20 நிமிடம். தோப்புக்கரணம் போடுங்கள், தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி வீட்டுக்குள் இல்லை. மழையிலோ கடலோரத்திலோ ஓட்டிவிட்டு வந்தால் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் தட்டில் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது.

மண்பாதைக்குத் தென்சென்னைப் புறநகரின் ஏரிக்கரைகள் இருக்கின்றன. மழை ஓய்ந்து கரை இறுகியதும் போய்ப் பழகுங்கள், தனியாகப் போகாதீர்கள். தார்ச்சாலைக்கு வைத்த காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் மண்ணைப் பிடிக்கும், அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். கண்ணை முன்சக்கரத்தில் வைக்காமல் பத்து மீட்டர் தள்ளி வையுங்கள். கல்லையே பார்த்தால் சைக்கிளும் அந்தக் கல்லைத் தேடித்தான் போகும். பஞ்சர் ஒட்டத் தெரியாவிட்டாலும் ட்யூப் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் மூன்று தடவை செய்து பார்த்துவிடுங்கள்.

நிஜ மலையும் ஒரு தடவை வேண்டும். ஏற்றத்துக்காக அல்ல, இறக்கத்துக்காக. காற்று ஏற்றத்தைச் சொல்லித்தரும், இறக்கத்தைச் சொல்லித்தராது. அரையாண்டு விடுமுறையில் வீட்டாரோடு ஏலகிரி போங்கள். ஜவ்வாது மலைக்குப் பக்கத்து மலை, 14 கொண்டை ஊசி வளைவு. ஒரு முறை ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள். இறங்கும்போது இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். சீட்டைவிட்டு லேசாக எழும்பி உடம்பைப் பின்னால் தள்ளுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போய் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். எதிரே பேருந்து வருகிறது என்றே எப்போதும் நினைத்துக்கொண்டு இடதுபக்கத்தை விடாதீர்கள். பொங்கலிலிருந்து தூரத்தைக் குறைத்துவிடுங்கள். அந்தப் பத்து நாளில் புதிதாக எந்தப் பலமும் சேராது, களைப்புதான் சேரும். சர்க்கரைப் பொங்கலை நிறைவாகச் சாப்பிடுங்கள்.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. நியாயமான கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பணத்தை நேராகக் கொடுக்கலாம்தான். ஆனால் நீங்கள் தனியாகக் கொடுத்திருந்தால் ஒருவர் பணம். இப்போது 62 பேர். நீங்கள் கேட்டிராவிட்டால் அவர்களில் பலருக்கு அந்தக் குழந்தைகளின் நினைவே வந்திருக்காது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்காக அவரும் ஊராரிடம் நிதி கேட்டவர்தான். பிறருக்காகக் கை நீட்டுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் அந்த அமைப்பிடம் கேளுங்கள்: திரட்டும் பணத்தில் பயணச் செலவுக்கு எவ்வளவு போகிறது? உங்கள் சாப்பாடு, தங்குமிடம், டி-ஷர்ட் செலவை உங்கள் கையிலிருந்தே கட்டிவிடுங்கள். அப்புறம் மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம், மற்றவர்கள் கொடுத்ததில் ஒரு ரூபாய்கூட என் சைக்கிளுக்குப் போகவில்லை என்று. கொடுத்தவர்களுக்கு ரசீது போய்ச் சேர்ந்ததா என்றும் பார்த்துவிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பாதியில் நின்றுவிட்டால்? அந்த 62 பேரும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது, மருந்தாக மாறிக்கொண்டிருக்கும். முட்டியோ மூச்சோ சரியில்லை என்றால் பின்னால் வரும் வண்டியில் ஏறி உட்காருங்கள், மறுநாள் காலை முடிந்தால் மறுபடி ஓட்டுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ யோசிக்கவே கூடாது, உடனே இறங்கிவிட வேண்டும்.

மாமியாருக்குப் பொரிவிளங்காய் உருண்டை பிடிக்கத் தெரியும் என்றால் கேட்டுப் பாருங்கள். சட்டைப் பையில் போட்டால் நசுங்காது, வெயிலில் உருகாது, இரண்டு நாளும் கெடாது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு முதலில் நான்கு பிடித்துத் தரச் சொல்லுங்கள். சீட்டை ஏற்றி, அந்த 25 கிலோமீட்டரை ஓட்டிவிட்டு, முட்டி எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.